எஸ்எல்ஆர்: தோளிலிருந்து கட்டைவிரலுக்கு

கொழிஞ்சாம்பாறையிலோ மறையூரிலோ பழைய பட்டாளத்துக்காரர் யாரிடமாவது எஸ்எல்ஆர் துப்பாக்கி என்று சொல்லிப் பாருங்கள். கை வலது தோளைத் தடவும். உதை விழுந்த இடம் அது.

1962 சீனப் போரில் நம் வீரர்கள் பெரும்பாலோர் கையில் இருந்தது .303 லீ என்ஃபீல்டு. ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும். அதன் பிறகுதான் பெல்ஜியத்தின் எஃப்ஏஎல் துப்பாக்கியைத் தழுவிய எஸ்எல்ஆர், கொல்கத்தா அருகே இஷாப்பூர் ஆலையிலிருந்து ராணுவத்துக்கு வந்தது. வெடித்த வாயுவே பிஸ்டனைத் தள்ளி, காலிக் கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும். விசையை அழுத்துவது மட்டும் ஆளின் வேலை. மேகசினுக்கு 20 தோட்டா. எடை 4 கிலோவுக்கு மேல். பின்னர் ராணுவம் இன்சாஸ் துப்பாக்கிக்கு மாற, எஸ்எல்ஆர் போலீஸ்காரர் தோளில் தங்கியது. மலையோரத்து ஆட்களுக்குப் பழக்கமெல்லாம் வாய்வழி மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிதான். எஸ்எல்ஆரைத் தள்ளி நின்று பார்ப்பதோடு சரி.

இன்று மூணாறு எஸ்டேட் லயத்துப் பையன் அதைச் செல்போன் திரையில் தரையிலிருந்து பொறுக்குகிறான். 2018-இல் பப்ஜி என்ற ஆட்டத்துக்குள் வந்த துப்பாக்கி இது. 2020 செப்டம்பரில் அந்த ஆட்டத்தின் மொபைல் பதிப்பை அரசு தடை செய்தது; 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பியது. செல்போன் ரேஞ்ச் கிடைக்கும் மேட்டில் நாலு பேர் உட்கார்ந்தால், “டேய், எஸ்எல்ஆர் கெடக்கு, ஸ்கோப் வச்சிருக்கியா?” என்ற குரல் கேட்கும்.

உதையை ஆட்டம் மறக்கவில்லை. குறி மேலே எகிறுகிறது, கட்டைவிரலால் கீழே இழுக்க வேண்டும். ஆனால் மேகசினைப் பாதியாக்கி 10 தோட்டா கொடுத்திருக்கிறார்கள். 20 வேண்டுமென்றால் தனி மேகசின் தேட வேண்டும். எனக்குப் பொறுக்காதது வேறு. ஆட்டத்தில் ஏகேஎம் துப்பாக்கிக்கும் எஸ்எல்ஆருக்கும் ஒரே 7.62 தோட்டா! நிஜத்தில் ஏகேஎம் தோட்டாக் கூட்டின் நீளம் 39 மில்லிமீட்டர், எஸ்எல்ஆருக்கு 51. ஒன்றுக்குரியது மற்றதில் ஓடாது. பட்டாளத்துக்காரர் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்.

திரையில் துப்பாக்கி அழுக்காவதே இல்லை. நிஜ எஸ்எல்ஆரில் கரி படியப் படிய வாயு அளவைத் திருகிச் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் சிக்கிக்கொள்ளும். பையன் ஆட்டம் முடிந்ததும் சார்ஜரைத் தேடுகிறான். பட்டாளத்துக்காரருக்கோ சுட்டு முடித்த பிறகுதான் பாதி வேலை: கழற்று, பிஸ்டனைத் துடை, கயிற்றில் துணி கட்டிக் குழலுக்குள் இழு, எண்ணெய் போடு. குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சுபேதார் முகம் சுளித்தால், மறுபடி முதலிலிருந்து.