லீவில்லாத நாளில் பொங்கல்

ஊரில் பொங்கலுக்கு வரிசையாக விடுமுறை. மும்பையில் அன்று பொது விடுமுறை கிடையாது. மராட்டிய நண்பர்களும் சங்கராந்தி எள்ளுருண்டையைக் கையில் கொடுத்து, இனிக்க இனிக்கப் பேசச் சொல்லிவிட்டு லோக்கலைப் பிடிக்க ஓடுகிறவர்கள்தாம்.

ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் இருந்தவன் நான். 1992-இல் மான்குர்த்திலிருந்து கடற்கழிப் பாலத்தின் மேல் வாஷிக்கு ரயில் ஓடத் தொடங்கிய காலத்தில் எனக்கு எந்தப் பண்டிகையும் இல்லை. இரவு வந்து ஆறிப்போன சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிடுவேன்.

ஓய்வு பெற்றதும் பஞ்சாங்கத்தைக் கையில் எடுத்தேன். சூரியனுக்குப் படைப்பது சூரியன் வந்த பிறகுதானே என்பது என் வாதம். ஜனவரியில் மும்பையில் சூரியோதயம் ஏறக்குறைய 7.15; சென்னையைவிட நாற்பது நிமிடம் தாமதம். மருமகளுக்கோ பேலாப்பூரில் எட்டு மணிக்கு வேலை. "மாமா, அஞ்சரைக்கே வெச்சிடறேனே" என்றாள். இருட்டில் என்ன பொங்கல் என்று நான் முகத்தைத் தூக்கிவைத்துக் கொண்டேன். என் மனைவி சமையலறையிலிருந்தே கேட்டாள்: "நீங்க எத்தனை பொங்கலுக்கு வீட்டுல இருந்தீங்க?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போது அஞ்சரைக்குக் கேஸ் அடுப்பில் சின்ன வெண்கலப் பானை ஏறுகிறது. கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்குவது என் டியூட்டி. முதல் நாள் மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கி, கிங்ஸ் சர்க்கிளில் ஏறி, வடாலாவில் மாறி, லக்கேஜ் டப்பாவில் நின்று வருவேன். (முழுக் கரும்போடு சாதாரணப் பெட்டியில் ஏறிப் பாருங்கள், தெரியும்!) பால் பொங்கும்போது எல்லோரும் இருக்கிறோம். 7.15-க்கு நானும் பேரனும் பால்கனியில் வைத்துப் படைக்கிறோம். அந்த நேரம் மருமகள் வாஷிப் பாலத்தின் மேல் இருப்பாள். லேடீஸ் பெட்டியின் கதவருகே நின்று, கழிக்கு அப்பால் சூரியன் எழும்போது கும்பிட்டுக்கொள்வதாகச் சொன்னாள். பால்கனியில் எனக்குத் தெரிவது எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிதான்.

தாராவியில் தெருவிலேயே வரிசையாக அடுப்பு மூட்டிப் பெண்கள் பொங்கலிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நிற்பவர்களும் உண்டு. அதனால்தான், சங்கங்கள் விழாவை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை; வீட்டுப் பானையையும் சேர்த்துத் தள்ளுவதில்தான் மனம் ஒப்பவில்லை. ஒரு ஆழாக்கு அரிசி போதும், அரை மணி நேரம் போதும்.

ஞாயிறு விழாவுக்கு வருகிறவர்கள் ஹார்பர் பாதையில் மெகா பிளாக் உண்டா என்று பார்த்துவிட்டுக் கிளம்பவும். எங்கள் ஆட்கள் தண்டவாளத்தில் இருப்பார்கள்.