கேபினெட்டைத் திறக்கும் உரிமை

ரெடிமேட் கேமிங் பிசி விளம்பரங்களை வரிசையாகப் படித்துப் பார்த்தால் ஒரு குறை கண்ணில் படும். பிராசஸர் எது, கிராஃபிக்ஸ் கார்டு எது, ரேம் எத்தனை ஜிபி என்பதெல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கும். இவை அனைத்துக்கும் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் மட்டும் ‘500 வாட்’ என்று கடைசி வரியில் ஒதுங்கி நிற்கும். பல விளம்பரங்களில் அந்த வரியும் இருக்காது. எந்த நிறுவனத்துடையது, எந்த மாடல், எத்தனை ஆண்டு வாரண்டி என்று விற்பவர் சொல்வதில்லை; வாங்குபவர் கேட்பதுமில்லை. எஸ்எம்பிஎஸ், கேபினெட், கூலர் மூன்றும் விளம்பரத்தில் வேகத்தைக் கூட்டிக் காட்டாத பாகங்கள். செலவைக் குறைக்க நினைக்கும் தயாரிப்பாளர் முதலில் கைவைப்பதும் இவற்றில்தான்.

ஓரிரு ஆண்டுகள் கழித்து அதே பிசியில் புதிய கார்டைப் பொருத்தும்போது சிக்கல் தலைகாட்டும். கேம் லோடாகிக் காட்சி விரியும் நொடியில் திரை கறுத்துவிடும். நீலத் திரையோ பிழைச் செய்தியோ வராது, மெஷினே அணைந்துபோகும். விண்டோஸை அழித்து மறுபடி போடுவார்கள், டிரைவரை மாற்றுவார்கள், நல்ல கார்டைப் பழுதென்று திருப்பி அனுப்புபவர்களும் உண்டு. இந்த அறிகுறி தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது எஸ்எம்பிஎஸ்ஸை. இன்றைய கார்டுகள் ஒரு மில்லி நொடிக்கும் குறைவான நேரத்தில் தம் வழக்கமான தேவையைப்போல இரு மடங்கு வரை மின்சாரத்தை இழுக்கக்கூடியவை. இன்டெல் 2022இல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் 3.0 வரையறை இதைக் கணக்கில் எடுத்தது. புதிய வகை கார்டுகளுக்கான எஸ்எம்பிஎஸ், தன் திறனில் 200 சதவீதம் வரையிலான ஏற்றத்தை 100 மைக்ரோ நொடி தாங்க வேண்டும் என்று அது சொல்கிறது. பழைய, மலிவான எஸ்எம்பிஎஸ்ஸிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. அதில் 3.3, 5, 12 வோல்ட் எனத் தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். பிராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் வாங்கிக்கொள்வது 12 வோல்ட் கட்டத்திலிருந்துதான். அங்கே எழுதியிருக்கும் ஆம்பியரை 12ஆல் பெருக்கினால் உண்மையான வாட் தெரிந்துவிடும். மேலே 500 வாட் என்று அச்சிட்டு, 12 வோல்ட்டுக்குக் கீழே 25 ஆம்பியர் என்றிருந்தால், கேம் ஆடுவதற்குக் கிடைப்பது 300 வாட். ‘80 பிளஸ்’ முத்திரையையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 2004இல் தொடங்கிய அந்தச் சான்று, மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாற்றப்படுகிறது என்பதை மட்டுமே அளக்கிறது. ஷார்ட் சர்க்யூட்டின்போதோ அளவு மீறிய சுமையிலோ அந்தப் பெட்டி தன்னை ஒழுங்காக அணைத்துக்கொள்ளுமா என்பதற்கு அது உத்தரவாதம் தராது.

இந்த வேறுபாட்டை உலகம் 2021இல் கண்ணெதிரே பார்த்தது. கிராஃபிக்ஸ் கார்டுகளுக்குக் கடும் தட்டுப்பாடு நிலவிய நேரம் அது. கார்டு வேண்டுமென்றால் வேறொரு பாகத்தையும் சேர்த்தே வாங்க வேண்டும் என்று அமெரிக்காவின் நியூஎக் இணையக் கடை மூட்டை கட்டி விற்றது. அப்படிப் பலர் தலையில் கட்டப்பட்டவை கிகாபைட் நிறுவனத்தின் பி750ஜிஎம், பி850ஜிஎம் எஸ்எம்பிஎஸ்கள். இரண்டுமே 80 பிளஸ் கோல்டு முத்திரை பெற்றவை. பயனர்களின் புகார்களைத் தொடர்ந்து கேமர்ஸ் நெக்சஸ் என்ற சோதனைக் குழு அவற்றை வாங்கிப் பார்த்தபோது, பல பெட்டிகள் தீப்பொறியோடு வெடித்தன. நீண்ட நேரம் உச்சச் சுமையில் வைத்துச் சோதித்ததால்தான் அப்படி ஆனது என்று கிகாபைட் விளக்கம் கொடுத்தது. ஆனாலும் அதிகச் சுமையில் தானாக அணையும் வரம்பை 120 முதல் 150 சதவீதம் என்பதிலிருந்து 110 முதல் 120 சதவீதமாகக் குறைத்து, குறிப்பிட்ட சீரியல் எண்களுக்கு மாற்றுப் பெட்டி தருவதாக அறிவித்தது. அந்த அறிவிப்பால் பயன்பெற, வாங்கியவர் தன் பெட்டியின் சீரியல் எண்ணைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ரெடிமேட் பிசி வாங்கியவர்களில் எத்தனை பேர் பக்கவாட்டுக் கதவைத் திறந்து அந்த எண்ணைப் படித்திருப்பார்கள்?

எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற முடிவு செய்தவுடன் கடைக்கு ஓடிவிடக் கூடாது. முதலில் கதவைத் திறந்து மதர்போர்டைப் பார்க்க வேண்டும். வழக்கமான போர்டில் 24 பின் கொண்ட அகலமான கனெக்டர் இருக்கும். டெல், எச்பி நிறுவனங்களின் பல டெஸ்க்டாப்களில் அது இருக்காது. அவர்களே வகுத்துக்கொண்ட சிறிய கனெக்டர்கள் இருக்கும். 1990களின் பிற்பகுதியில் டெல் தயாரித்த கணினிகளில் நிலைமை இன்னும் மோசம். கனெக்டர் பார்ப்பதற்கு ஏடிஎக்ஸ் போலவே இருந்தது, உள்ளே கம்பிகளின் வரிசை மட்டும் வேறு. வெளிச்சந்தை எஸ்எம்பிஎஸ்ஸைச் செருகியவர்கள் போர்டை இழந்தார்கள். கேபினெட்டை மாற்ற நினைப்பவருக்கும் இதே கவலை உண்டு. பவர் பட்டனின் கம்பி, திருகுத் துளைகள், பின்புறத் தகடு ஆகியவை நிறுவனத்தின் தனி அளவில் இருந்தால் புதிய கேபினெட்டில் அந்தப் போர்டு உட்காராது. இதை வாங்கும் முன்பே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் பெற்றுக்கொள்வது நல்லது.

கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய மாட்யுலர் எஸ்எம்பிஎஸ்ஸில் ஒரு பொறி இருக்கிறது. பழைய பெட்டியின் கேபிள்கள் ஏற்கெனவே அழகாகக் கட்டப்பட்டிருப்பதால், அவற்றை அப்படியே விட்டுப் புதிய பெட்டியை மட்டும் மாற்றத் தோன்றும். செய்யவே கூடாது. போர்டு பக்க முனைக்குத்தான் பொது அளவு உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்க முனையில் எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம், சில சமயம் ஒரே நிறுவனத்தின் மாடலுக்கு மாடல் மாறும். கேபிள் சிரமமில்லாமல் பொருந்திவிடும். சுவிட்சைப் போட்டதும் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் பாய்ந்து ஹார்டு டிஸ்க் எரியும். அதிலிருந்த குடும்பப் படங்களை எந்த வாரண்டியும் திருப்பித் தராது.

பெரிய கார்டுகளுக்கு வேறொரு ஆபத்து. என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு 2022 அக்டோபரில் சந்தைக்கு வந்தது. அதன் புதிய 16 பின் கனெக்டர் 600 வாட் வரை, அதாவது 50 ஆம்பியர் கடத்த வகுக்கப்பட்டது. சில வாரங்களிலேயே அது உருகுவதாகப் படங்கள் வரத் தொடங்கின. உலகெங்கும் சுமார் 50 சம்பவங்கள் தெரியவந்துள்ளதாகவும், கனெக்டர் முழுதாகச் செருகப்படாதது பொதுவான காரணம் என்றும் நவம்பரில் என்விடியா கூறியது. 2023இல் கனெக்டரின் வடிவமே திருத்தப்பட்டது. கேபிளை வளைக்காமல் கொண்டுபோக உதவும் என்று கேபிள்மாட் நிறுவனம் விற்ற கோண அடாப்டர்களும் சூடேறி உருகின. 2024 பிப்ரவரியில் ஏறத்தாழ 25,300 அடாப்டர்கள் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டன. கனெக்டரைச் செருகிய பிறகு டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். கார்டுக்கும் முனைக்கும் நடுவே இடைவெளிக் கோடு தெரிந்தால் வேலை முடியவில்லை.

கேபினெட் தகரப் பெட்டிதானே, அதனால் என்ன ஆபத்து என்று கேட்கலாம். என்இசட்எக்ஸ்டி நிறுவனத்தின் எச்1 கேபினெட் 2020இல் விற்பனைக்கு வந்தது. உள்ளே கார்டை இணைக்கும் ரைசர் போர்டைப் பிடித்திருந்த இரண்டு திருகுகள், போர்டின் மின்தடத்தோடு உரசி ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கக்கூடியவையாக இருந்தன. நிறுவனம் முதலில் நைலான் திருகுகளை அனுப்பிவைத்தது. பின்னாளில் யாராவது மறுபடி உலோகத் திருகைப் போட்டால் ஆபத்து திரும்பும் என்ற விமர்சனம் எழுந்தது. 2021 பிப்ரவரியில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், அந்நாட்டில் விற்ற சுமார் 32,000 கேபினெட்டுகளுக்குத் திரும்பப்பெறும் அறிவிப்பை வெளியிட்டது. ரைசர் பாகமே மாற்றித் தரப்பட்டது. கைமாறி வந்த பழைய கேபினெட்டை வாங்குபவர்கள் இப்படிப்பட்ட அறிவிப்பு இருக்கிறதா என்று மாடல் பெயரை வைத்துத் தேடிப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

கூலிங் விஷயத்தில் பணத்தைவிடக் கவனமே அதிகம் வேண்டும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி மூடிய கேபினெட்டில் எத்தனை ஃபேன் போட்டாலும் காற்று உள்ளே வர வழியில்லை. மே மாதச் சென்னையில் உள்ளே போகும் காற்றே 35 டிகிரிக்கு மேல் இருக்கும். முன்பக்கம் கம்பிவலை வைத்த கேபினெட், முன்னால் உள்ளிழுக்கும் ஃபேன்கள், பின்னாலும் மேலேயும் வெளித்தள்ளும் ஃபேன்கள் என்ற எளிய ஏற்பாடே பெரும்பாலானவர்களுக்குப் போதும். ஏஎம்டியின் ஏஎம்4 வகை பிராசஸரில் பழைய கூலரைக் கழற்றுவதில் மட்டும் அவசரம் கூடாது. உலர்ந்த பேஸ்ட் இரண்டையும் ஒட்டிப் பிடித்திருக்கும். நேராக இழுத்தால் பிராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்து பின்கள் வளையும். பிசியைச் சிறிது நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, பிளக்கை எடுத்த பின் கூலரை மெதுவாக இடமும் வலமும் திருக்கினால் பிடி விடும்.

எர்த் இல்லாத பிளக்கில் கேமிங் பிசியை ஓட்டுவது நம் ஊர்களில் சர்வசாதாரணம். கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்று ஓர் அதிர்வு. ‘லேசா ஷாக் அடிக்குது’ என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இருக்கும் வடிகட்டி மின்தேக்கிகள் கசிவு மின்சாரத்தை எர்த்துக்கு அனுப்பும்படி அமைந்தவை. எர்த் இல்லாவிட்டால் தகரப் பெட்டியிலேயே பாதி வோல்ட்டேஜ் நிற்கும். எவ்வளவு விலை உயர்ந்த எஸ்எம்பிஎஸ் வாங்கினாலும் இதைச் சரிசெய்யாது. முதலில் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதிக்க வேண்டும். யுபிஎஸ் எத்தனை வாட் தருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கடையில் பரவலாகக் கிடைக்கும் 600 விஏ யுபிஎஸ் பொதுவாகத் தருவது 360 வாட்.

இனி உரிமை. ‘இந்த ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டி கிடையாது’ என்ற வரியைப் பார்த்துத்தான் பலரும் கேபினெட்டைத் திறக்கவே தயங்குகிறார்கள். அமெரிக்காவில் 1975இல் வந்த மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டப்படி, ஒரு நிறுவனம் தன் பாகத்தையே, தன் சர்வீஸையே பயன்படுத்த வேண்டும் என்று நிபந்தனை போட்டு வாரண்டியை மறுக்க முடியாது. வெளிப்பாகம்தான் பழுதுக்குக் காரணம் என்றால் அந்தப் பழுதுக்கு மட்டும் மறுக்கலாம். 2024 ஜூலையில் அந்நாட்டு வர்த்தக ஆணையம், இத்தகைய ஸ்டிக்கர்களுக்காக ஏஎஸ்ராக், கிகாபைட், ஜோட்டாக் ஆகிய மூன்று கணினிப் பாக நிறுவனங்களுக்கும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

இந்தியாவில் அப்படி நேரடியாகச் சொல்லும் சட்டப்பிரிவு இல்லை. அது இருக்க வேண்டும். ஆனால் நுகர்வோர் கைகள் முழுதும் கட்டப்பட்டிருக்கவில்லை. 2014இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக் கூடாது என்றும் அந்த உத்தரவு சொன்னது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனாலும், பழுதுக்கும் வெளிவேலைக்கும் தொடர்பு காட்டாமல் வாரண்டியை மறுக்கக் கூடாது என்ற வாதத்துக்கு அது வலுச் சேர்க்கிறது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பொருளின் தரத்தைப் பற்றிப் பொய் சொல்வதையும், பில் தர மறுப்பதையும், குறையுள்ள பொருளைக் குறித்த காலத்துக்குள் திரும்பப் பெற மறுப்பதையும் நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. இணையக் கடை என்றால் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

இந்த உரிமைகள் கைகொடுக்க வேண்டுமானால் ஆதாரம் வேண்டும். ‘கச்சா’ பில்லை மறுத்து, எஸ்எம்பிஎஸ்ஸின் மாடலும் எழுதப்பட்ட ஜிஎஸ்டி பில்லைக் கேட்டு வாங்க வேண்டும். திறப்பதற்கு முன் ஸ்டிக்கர், கேபிள் வரிசை, லேபிள்கள், சீரியல் எண்கள் ஆகியவற்றைப் படம் எடுக்க வேண்டும். சர்வீஸ் சென்டர் மறுத்தால், எந்தப் பாகம் எந்தப் பழுதை உண்டாக்கியது என்று எழுத்தில் கேட்க வேண்டும். வாய்ப்பேச்சாக மறுப்பவர்கள் எழுத்தில் தரத் தயங்குவார்கள். அந்தத் தயக்கமே ஒரு சான்று. அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் தமிழிலும் பேசலாம். அங்கேயும் தீராவிட்டால், பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். கடை சென்னை ரிச்சி தெருவிலும் வாங்கியவர் தென்காசியிலும் இருந்தால், தென்காசியிலேயே வழக்குத் தொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளம் வழியாக இணையத்திலும் தாக்கல் செய்யலாம்.

மாற்றிக் கழற்றிய பழைய எஸ்எம்பிஎஸ்ஸை உடனே பழைய இரும்புக் கடையில் போட வேண்டாம். வாரண்டி முடியும்வரை அதை அதன் கேபிள்களோடு ஒரே பையில் கட்டிப் பெயரெழுதி வைத்தால், கணினியைச் சர்வீஸுக்குக் கொடுக்கும்போது பழையபடி பொருத்தித் தரலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் அந்தப் பெட்டியைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். வாரண்டி முடிந்ததும் பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்துவிடலாம்.