சூடான வண்டி ஏன் அடம் பிடிக்கிறது?

எங்கள் படிப்பு வட்டத்துக்கு ஓர் அண்ணன் வருவார். ஹைதராபாத்தில் அமீர்பேட் பகுதியில் வாடகைக் கார் ஓட்டுகிறார். போன வருடம்தான் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார். ஒரு நாள் முகம் வாடி வந்தார்.

"என்ன அண்ணா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒன்றும் இல்லை தம்பி. வண்டிக்குத்தான் உடம்பு சரியில்லை" என்றார்.

காலையில் சாவியைத் திருப்பினால் கார் உடனே கிளம்புகிறது. மதியம் சவாரியை மெட்ரோ நிலையத்தில் இறக்கிவிட்டு, டீ குடித்துவிட்டு வந்தால் கிளம்புவதில்லை. வெகு நேரம் காத்திருந்தால் மறுபடி கிளம்புகிறது.

ஒரு கடையில் "பேட்டரி போய்விட்டது" என்றார்கள். 5000 ரூபாய் கொடுத்துப் புது பேட்டரி போட்டார். கோளாறு தீரவில்லை. இன்னொரு கடையில் "இன்ஜினைப் பிரிக்க வேண்டும்" என்றார்கள். அதற்குப் பணம் எங்கே? மாதத் தவணை வேறு கட்ட வேண்டும்.

எங்கள் தெருவில் வயதான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் அவரை உஸ்தாத் என்பார்கள். அவரிடம் போனோம். அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

சூட்டில் என்ன நடக்கிறது?

கார் ஓடும்போது, தண்ணீர் இன்ஜினுக்குள் சுற்றி வரும். அது சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டு போகும். வண்டியை நிறுத்தியதும் தண்ணீர் ஓட்டம் நின்றுவிடும். முன்னால் இருந்து வீசும் காற்றும் நின்றுவிடும்.

ஆனால் இன்ஜின் உடனே ஆறாது. அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுகிறது அல்லவா? அதுபோலத்தான். அந்தச் சூடு பானெட்டுக்குள் அடைபட்டுவிடும். பக்கத்தில் உள்ள பாகங்களில் ஏறும். அதனால் நிறுத்திய பத்து, இருபது நிமிடத்தில் அந்தப் பாகங்கள் முன்பைவிட அதிகமாகச் சுடும். டீ குடித்து வரும் நேரம் அதுதான்!

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பெட்ரோலோ சுமார் 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். பழைய அம்பாசிடர் கார்களில் கார்புரேட்டர் இருந்தது. அவற்றின் குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும். டிரைவர்கள் பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி போடுவார்கள். பம்பு குளிர்ந்ததும் வண்டி கிளம்பும்.

அம்பாசிடர் கார் தயாரிப்பு 2014-இல் நின்றது. இப்போது வரும் புதிய கார்களில் கார்புரேட்டர் இல்லை. டாங்கிக்குள் இருக்கும் மின்சாரப் பம்பு பெட்ரோலை அழுத்தத்துடன் தள்ளுகிறது. ஆகவே ஆவித் தொல்லை குறைவு. ஆனால் இவற்றில் சென்சார் என்னும் சிறு பாகங்கள் பல உண்டு. அவை சூட்டில் கெடலாம்.

மூன்று கேள்விகள்

"நாடி பார்க்காமல் வைத்தியர் மருந்து தருவாரா? வண்டி கிளம்பாதபோது மூன்றைக் கவனி" என்றார் உஸ்தாத்.

1. செல்ஃப் மோட்டார் எப்படிச் சுற்றுகிறது? மெதுவாக முக்கி முனகிச் சுற்றினால் பேட்டரி, அதன் வயர்கள், செல்ஃப் மோட்டார் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வேகமாகச் சுற்றினால் குறை வேறு எங்கோ இருக்கிறது.

2. பெட்ரோல் வாசம் வருகிறதா? பலமாக வந்தால் இன்ஜினுக்குள் பெட்ரோல் அதிகமாக இறங்கியிருக்கலாம். வெளியே ஒழுகவும் கூடும். உடனே சாவியை எடுத்துவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள்.

3. வேகமாகச் சுற்றுகிறது, வாசமும் இல்லை. அப்படியானால் பெட்ரோல் வரவில்லை, அல்லது நெருப்புப் பொறி வரவில்லை. புதிய காரில் ஒரு சோதனை உண்டு. சாவியைப் பாதி திருப்பி, சில நொடி வைத்து அணையுங்கள். இப்படி மூன்று முறை செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். இப்போது கிளம்பினால், நிறுத்தியிருந்த நேரத்தில் பெட்ரோல் அழுத்தம் குறைந்துவிடுகிறது என்று சந்தேகிக்கலாம். அப்போதும் கிளம்பாவிட்டால், நெருப்புப் பொறி வருகிறதா என்று மெக்கானிக் பார்க்க வேண்டும்.

நோட்டில் எழுதியது

மறுநாள் அண்ணன் தன் நோட்டில் இப்படி எழுதினார்:

"காலை 6 மணி. உடனே ஸ்டார்ட். மதியம் 1 மணி. ஸ்டார்ட் இல்லை. செல்ஃப் வேகமாகச் சுற்றியது. பெட்ரோல் வாசம் இல்லை. சாவியை மூன்று முறை போட்டேன். பலன் இல்லை. 40 நிமிடம் கழித்து ஸ்டார்ட்."

உஸ்தாத்துக்குத் தமிழ் தெரியாது. அண்ணன் நோட்டைப் பார்த்துத் தெலுங்கில் சொன்னார். உஸ்தாத் சிரித்தார். "பாதி வேலையை நீயே முடித்துவிட்டாய்" என்றார்.

வண்டி சூடாக இருக்கும்போதே பிளக்கைச் சோதித்தார். நெருப்புப் பொறி வரவில்லை. இன்ஜின் சுற்றுவதைக் கவனிக்கும் ஒரு சென்சாரில் மீட்டர் வைத்தார். சூட்டில் அதன் கம்பிச் சுருளில் மின்சாரம் ஓடவில்லை. ஆறியதும் ஓடியது. அந்தச் சென்சாரை மாற்றினார். பேட்டரிக்குக் கொடுத்த பணத்தில் பாதிகூட ஆகவில்லை. இன்ஜினைப் பிரிக்கவும் இல்லை.

எச்சரிக்கை

இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பீடி, சிகரெட் பிடிக்காதீர்கள். செல்ஃபை விடாமல் சுற்றாதீர்கள். சில நொடி சுற்றுங்கள். பிறகு அரை நிமிடமாவது நிறுத்துங்கள்.

நண்பர்களே! "வண்டி கிளம்பவில்லை" என்று மட்டும் சொன்னால் ஆளுக்கு ஒரு பாகத்தை மாற்றச் சொல்வார்கள். எப்போது, எப்படி, எவ்வளவு நேரம் என்று எழுதிக் காட்டினால் சரியான பாகத்தைத் தேடுவார்கள். அண்ணன் இப்போது வண்டியில் எப்போதும் ஒரு நோட்டும் பேனாவும் வைத்திருக்கிறார்.

யோசித்துப் பாருங்கள்

உங்கள் வீட்டு மோட்டார், மிக்சி, சைக்கிள் எதிலாவது கோளாறு உண்டா? அது எப்போது வருகிறது? நான்கு வரி எழுதிப் பாருங்கள்.