மருந்துக்கு அடங்காதவை – 9: பன்றித் தீவனத்தில் கரைந்த கடைசி மருந்து

கார்பபெனம் வகை மருந்துகள் கிருமிகளிடம் தோற்றதைப் போன வாரம் பார்த்தோம். அவையும் கைவிட்ட பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவு டாக்டர்கள் பழைய பீரோவைத்தான் திறந்தார்கள். உள்ளே கொலிஸ்டின் இருந்தது.

1940களின் இறுதியில் ஜப்பானில், மண்ணில் வாழும் பாக்டீரியா ஒன்றிலிருந்து கண்டெடுத்த மருந்து அது. கிருமியைக் கொல்லும்; கூடவே நோயாளியின் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். அதைவிடச் சாதுவான மருந்துகள் வந்ததும் 1970களில் அதை ஓரங்கட்டிவிட்டார்கள். மனிதர்கள் அதிகம் தொடாததால், நம்மைத் தாக்கும் கிருமிகளுக்கும் அதை எதிர்க்கப் பழக வாய்ப்பில்லாமல் போயிற்று. கெட்ட பெயர்தான் அந்த மருந்தைக் காப்பாற்றி வைத்திருந்தது!

பண்ணைகளில் அதற்குக் கெட்ட பெயர் ஏதுமில்லை. தீவனத்தில் கொஞ்சமாகக் கலந்தால் பன்றிக்குக் கழிச்சல் குறையும், எடை சீக்கிரம் ஏறும், விலையும் மலிவு. பண்ணைக்காரரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். கடையில் விற்றார்கள், வாங்கினார். சீனாவில் இது ஆயிரக்கணக்கான டன் வியாபாரமாக வளர்ந்தது. இத்தனைக்கும் அந்நாட்டு மருத்துவமனைகளில் நோயாளிகளுக்குக் கொலிஸ்டின் கொடுக்கும் வழக்கமே அப்போது இல்லை.

2013 ஜூலையில் ஷாங்காய் பண்ணை ஒன்றில், ஒரு பன்றியிடமிருந்து எடுத்த ஈ.கோலை பாக்டீரியா கொலிஸ்டினுக்கு மசியவில்லை. குவாங்சோவின் ஜியான்ஹுவா லியூ, பெய்ஜிங்கின் ஜியான்சோங் ஷென் உள்ளிட்ட ஆய்வாளர்கள் துருவிப் பார்த்ததில் ஒரு மரபணு சிக்கியது: எம்.சி.ஆர்-1. கொலிஸ்டின் வந்து ஒட்டும் இடமான பாக்டீரியாவின் மேலுறையையே அது மாற்றியமைத்துவிடுகிறது. பிறகு மருந்துக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து, அந்த மரபணு இருந்த இடம். அதுவரை தெரிந்திருந்த கொலிஸ்டின் எதிர்ப்பு, பரம்பரைச் சொத்து மாதிரி. பாக்டீரியாவின் வாரிசுகளுக்கு மட்டுமே போகும். எம்.சி.ஆர்-1 உட்கார்ந்திருந்ததோ பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையத்தில். பக்கத்தில் இருக்கும் வேறு இன பாக்டீரியாவுக்குக்கூட அதைக் கைமாற்றாகக் கொடுத்துவிடலாம். சோதித்த இறைச்சி மாதிரிகளில் 15 சதவீதத்திலும், பண்ணை விலங்குகளில் 21 சதவீதத்திலும், மருத்துவமனை நோயாளிகளில் ஒரு சதவீதத்தினரிடமும் அது இருந்தது. 2015 நவம்பரில் ஆய்வு வெளியானதும், டென்மார்க்கில் சேமிப்பிலிருந்த பழைய மாதிரிகளின் மரபணுத் தரவுகளைப் புரட்டினார்கள். அங்கேயும் இருந்தது.

இந்த இடத்தில் சீன அரசைப் பாராட்டத்தான் வேண்டும். எடை ஏற்றுவதற்காகத் தீவனத்தில் கொலிஸ்டின் கலப்பதை 2017இல் நிறுத்தியது. 2015இல் 27,000 டன்னைத் தாண்டியிருந்த கொலிஸ்டின் தீவனக் கலவை உற்பத்தி, 2018இல் சுமார் 2,500 டன்னுக்கு இறங்கியது. பன்றிகளிடம் கொலிஸ்டினை எதிர்த்து நின்ற ஈ.கோலை 34 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகச் சரிந்தது. இவ்வளவு வேகத்தை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த உத்தரவில் ஓர் ஓட்டை உண்டு: நோய்க்கு மருந்து என்று சொல்லிப் பண்ணையில் இன்றும் கொடுக்கலாம்.

இந்தியா 2019 ஜூலையில் போட்ட தடை இதைவிடக் கறாரானது. உணவுக்காக வளர்க்கும் விலங்கு, கோழி, மீன் எதற்கும் கொலிஸ்டின் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. கோழியோ பன்றியோ வளர்க்கிறீர்களா? தீவன மூட்டையில் ஒட்டியிருக்கும் சீட்டை ஒருமுறை படித்துப் பாருங்கள். கொலிஸ்டின் என்ற பெயர் கண்ணில் பட்டால் உங்கள் ஊர் கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

(தொடரும்)