பி.பி.எட். படிப்பும் நாம் கடன் வாங்கும் பாடவேளையும்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவி ஒருத்தி, பட்டப் படிப்பை முடித்த கையோடு என்னைத் தேடி வந்தாள். மாமல்லபுரத்தை அடுத்த மீனவர் குப்பத்தைச் சேர்ந்தவள். "டீச்சர், பி.பி.எட். சேரணும். ஸ்கூல்ல விளையாடினதுக்கு சர்டிஃபிகேட் ஏதாவது இருந்தா கொடுங்க டீச்சர்" என்றாள்.

பதிவேடுகளைப் புரட்டினோம். அவள் பெயரில் எதுவும் இல்லை. இருக்கவும் வழியில்லை. ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் குறுவட்டத் தடகளப் போட்டிக்கான பெயர்ப் பட்டியலில் அவள் இருந்தாள். 800 மீட்டர் ஓட்டத்தில் எங்கள் பள்ளியில் அவளை முந்த ஆள் கிடையாது. ஆனால் காலாண்டுத் தேர்வு நெருங்குகிறது, கணக்கில் மதிப்பெண் குறைவு என்று சொல்லி, இரண்டு ஆண்டும் அவள் பெயரை அடிக்கச் சொன்னவள் அவளுடைய கணக்கு ஆசிரியையான நான்தான். கல்லூரி நாள்களில் மாலையில் கடை வேலைக்குப் போனதால் அங்கும் அவள் விளையாடவில்லை. பட்டம் இருந்தது, மதிப்பெண் இருந்தது, ஓடும் கால்களும் இருந்தன. ஒரு பங்கேற்புச் சான்றிதழ் மட்டும் இல்லை.

அந்தச் சான்றிதழுக்கு இவ்வளவு மதிப்பு உண்டு என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. உடற்கல்வி ஆசிரியராவது எப்படி என்று விசாரித்துத் தெரிந்துகொண்டதை மற்ற ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

மூன்று படிகள்

நாம் பி.எட். படித்து வந்ததுபோல, உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் தனித் தொழிற்படிப்புகள் உள்ளன. தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சிலின் 2014-ஆம் ஆண்டு விதிமுறைகள் இவற்றை வரையறுக்கின்றன. பிளஸ் 2 முடித்தவர்கள் சேர்வது டி.பி.எட். எனும் பட்டயப் படிப்பு. இது தொடக்கநிலை வகுப்புகளுக்கானது. பட்டம் பெற்றவர்கள் சேர்வது பி.பி.எட். இது 6 முதல் 10 வரையுள்ள வகுப்புகளுக்கு உடற்கல்வி கற்பிக்கவும், மேல்நிலை வகுப்புகளில் விளையாட்டுகளை நடத்தவும் ஆசிரியர்களை உருவாக்குகிறது. அதற்கு மேல் எம்.பி.எட். மேல்நிலைப் பள்ளிகளின் உடற்கல்வி இயக்குநர் பணிக்கும் கல்லூரிப் பணிக்கும் செல்ல விரும்புவோர் இதைப் படிக்கிறார்கள்.

மூன்றும் இரண்டு ஆண்டுப் படிப்புகள். பி.எட். போலவே பி.பி.எட். படிப்பும் முன்பு ஓராண்டாக இருந்தது. 2014 விதிமுறைகளுக்குப் பிறகுதான் நான்கு பருவங்கள் கொண்ட இரண்டு ஆண்டுகளாயிற்று. ஆண்டுக்கு 200 வேலை நாள்கள். சேர்க்கை நாள்களும் தேர்வு நாள்களும் இந்தக் கணக்கில் வராது.

சேர்க்கைத் தகுதிதான் நாம் கவனிக்க வேண்டிய இடம். எந்தப் பாடத்தில் வேண்டுமானாலும் பட்டம் பெற்றிருக்கலாம். 50 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். அதோடு பள்ளி, மாவட்டம் அல்லது கல்லூரிகளுக்கு இடையிலான அளவில், அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டுப் போட்டி ஒன்றில் பங்கேற்றிருக்க வேண்டும். வெற்றி பெற்றிருக்க வேண்டும் என்பதில்லை, பங்கேற்றிருந்தால் போதும். உடற்கல்வியிலேயே இளநிலைப் பட்டம் பெற்றவர்களுக்கு 45 விழுக்காடு. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு விதிகளின்படி தளர்வு உண்டு. இவை தவிர வேறு சில வழிகளும் விதிமுறைகளில் உள்ளன. ஆனால் நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் திறந்திருக்கும் வழி முதலில் சொன்னதுதான். வரலாறோ தமிழோ வணிகவியலோ படித்த பிள்ளைக்கு, பள்ளியில் ஓடிய ஓர் ஓட்டம் கதவைத் திறந்துவிடும்.

நம் மாவட்டத்திலேயே ஒரு பல்கலைக்கழகம்

இந்தப் படிப்புக்காக எங்கோ போக வேண்டும் என்று பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். செங்கல்பட்டு மாவட்டத்திலேயே, வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில், மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவாக்கப்பட்டு, 2005-இல் செயல்படத் தொடங்கியது. செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் வண்டலூர் சென்று அங்கிருந்து போகலாம். மாமல்லபுரம் பக்கத்திலிருந்து வருபவர்களுக்குக் கேளம்பாக்கம் வழி வசதி. தமிழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரிகள் இந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை.

அவற்றுள் மூத்தது சென்னை நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி. அமெரிக்காவிலிருந்து வந்த ஹாரி குரோ பக் 1920-இல் தொடங்கிய நிறுவனம் அது. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணிக்கு மேலாளராகப் போனவரும் அவரே. உடற்பயிற்சி என்றால் வரிசையில் நிற்கவைத்துக் கை கால்களை அசைக்கச் சொல்லும் டிரில் என்றிருந்த காலத்தில், அதற்கெனப் பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும் என்ற எண்ணம் நம் மண்ணில் வேரூன்றி நூறாண்டு கடந்துவிட்டது. ஆனால் பள்ளிக் கால அட்டவணையில் அந்தப் பாடவேளையை நாம் இன்னும் காலியிடமாகவே பார்க்கிறோம்.

என்னதான் படிக்கிறார்கள்?

"விசில் ஊதத் தெரிந்தால் போதாதா?" என்று ஆசிரியர் அறையில் வேடிக்கையாகப் பேசிக்கொள்வதுண்டு. நானும் அதைக் கேட்டுச் சிரித்தவள்தான். பாடத்திட்டத்தைப் பார்த்த பிறகு சிரிக்க முடியவில்லை. உடற்கூறியல், உடலியங்கியல், உடல் அசைவுகளின் இயக்கவியல், விளையாட்டு உளவியல், விளையாட்டு மருத்துவம், ஊட்டச்சத்து, யோகா, அளவீடும் மதிப்பீடும், கற்பித்தல் முறைகள், நிருவாகம் என்று எழுத்துத் தேர்வுகள் இருக்கின்றன. இன்னொரு பக்கம் தடகளம், கபடி உள்ளிட்ட நம் நாட்டு விளையாட்டுகள், குழு விளையாட்டுகள், நடுவர் பணி, பள்ளிகளில் கற்பித்தல் பயிற்சி. நம்மைப் போலவே அவர்களும் பாடத்திட்டம் எழுதி, வகுப்பெடுத்து, குறை கேட்டுத் திருத்திக்கொண்டு வருகிறார்கள். நாம் கரும்பலகைக்கு முன்னால் செய்ததை அவர்கள் வெயிலில் செய்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. விளையாட்டு விழாவுக்கு முந்தைய நாள் எங்கள் உடற்கல்வி ஆசிரியர், சுண்ணாம்புத் தூளால் ஓடுபாதை போட்டுக்கொண்டிருந்தார். "டீச்சர், டேப்போட அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க" என்றார். ஒரு முழுச் சுற்று ஓடும் போட்டியில் வெளிப்பாதையில் ஓடுபவர் சற்று முன்னால் நின்று தொடங்குவதைப் பார்த்திருப்போம். அந்தத் தூரம் எவ்வளவு? பாதையின் அகலம் 1.22 மீட்டர். உள்விளிம்பில் கட்டை வைத்த ஓடுபாதையில், முதல் பாதையின் நீளத்தை அந்தக் கட்டையிலிருந்து 30 செ.மீ. தள்ளியும், மற்றப் பாதைகளை உட்கோட்டிலிருந்து 20 செ.மீ. தள்ளியும் அளக்க வேண்டும். ஆகவே முதல் இரண்டு பாதைகளின் ஆர வித்தியாசம் 1.12 மீட்டர். அதை 2π-ஆல் பெருக்கினால் 7.04 மீட்டர். அடுத்தடுத்த பாதைகளுக்கு 1.22 × 2π, அதாவது 7.67 மீட்டர் கூடிக்கொண்டே போகும்.

"நம்ம கிரவுண்டு சின்னது, 200 மீட்டர் டிராக்தானே, இது மாறாதா சார்?" என்று கேட்டேன். "ஒரு ரவுண்டுக்கு மாறாது டீச்சர். ஆரம் எவ்வளவா இருந்தாலும் வித்தியாசம் அதேதான்" என்றார். 2π(r + w) – 2πr = 2πw. வட்டத்தின் சுற்றளவை இருபது ஆண்டுகளாக நடத்தும் நான், அந்தச் சமன்பாட்டை அன்றுதான் மண்ணில் பார்த்தேன். மறுவாரம் என் வகுப்பை மைதானத்துக்கு அழைத்துப் போனேன்.

இன்னோர் எடுத்துக்காட்டு நம் கடற்கரைப் பகுதிக்கே உரியது. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிரும். கடலோரக் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் வியர்வை எளிதில் உலராது. சூடு உள்ளேயே தங்கும். செய்யூர் பக்கமோ கோவளம் பக்கமோ ஒரு பிள்ளை ஓடிக்கொண்டிருக்கும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால், தலை சுற்றினால், குமட்டினால், "சோம்பேறித்தனம், இன்னொரு ரவுண்டு ஓடு" என்று அதட்டுவது ஆபத்து. உடனே நிறுத்தி, நிழலில் அமரவைத்து, தண்ணீர் கொடுத்து, உடலைக் குளிர்விக்க வேண்டும். வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளில் இன்னும் இறுகாத வளர்ச்சிப் பகுதி இருப்பதால், எந்த வயதில் எந்தப் பயிற்சி, எவ்வளவு என்பதும் அறிந்து செய்ய வேண்டியது. பயிற்சி பெற்ற ஆசிரியர் மைதானத்தில் நிற்பதன் பொருள் இதுதான். நாற்பது பிள்ளைகளின் உடலுக்கு அந்த நேரத்தில் அவர் பொறுப்பேற்கிறார்.

கடற்கரையில் திறந்திருக்கும் கதவுகள்

2022-இல் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நடந்தது. 2023-இலும் 2025-இலும் பன்னாட்டு அலைச்சறுக்குப் போட்டிகள் மாமல்லபுரம் கடலில் நடந்தன. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவக் குடும்பத்து இளைஞர்கள் அலைச்சறுக்கில் தேசிய அளவுக்கு உயர்ந்திருக்கிறார்கள். சிற்பங்களுக்காக உலகம் வந்த ஊருக்கு இப்போது விளையாட்டுக்காகவும் உலகம் வருகிறது. இங்குள்ள பிள்ளைகளுக்குக் கடல் விளையாட்டுத் திடல்தான். ஆனால் அந்தத் திறமையை அடையாளம் கண்டு, முறைப்படுத்தி, போட்டிக்கு அனுப்பி, சான்றிதழோடு திரும்பச் செய்யும் முதல் கை பெரும்பாலும் பள்ளியின் கைதான்.

நாம் செய்யக்கூடியவை

பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளில் உடற்கல்விக்கெனத் தனி ஆசிரியர் இல்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம்கூட, 100 பிள்ளைகளுக்கு மேல் உள்ள உயர்தொடக்க நிலைக்குத்தான் உடற்கல்விக்கான பகுதிநேரப் பயிற்றுநரைச் சொல்கிறது. ஆகவே ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை நாமே உடற்கல்வி ஆசிரியர்கள். நொண்டி ஆட்டம் சமநிலையைத் தருகிறது. கிளித்தட்டு திசை மாற்றி ஓடக் கற்றுத்தருகிறது. பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பது கண்ணையும் கையையும் இணைக்கிறது. இதற்குச் செலவு ஏதுமில்லை. வாரத்தில் அதற்கென ஒதுக்கிய பாடவேளையை அதற்கே கொடுத்தால் போதும்.

உயர்நிலை, மேல்நிலை ஆசிரியர்களுக்கு நான்கு வேண்டுகோள்கள்.

ஒன்று, குறுவட்டப் போட்டிக்குப் பெயர் வந்த பிள்ளையை அனுப்புங்கள். விட்டுப்போன பாடத்தை இரண்டு மாலைகளில் நடத்திவிடலாம். விட்டுப்போன போட்டியைத் திரும்ப நடத்த நம்மால் முடியாது.

இரண்டு, பங்கேற்புச் சான்றிதழின் நகலைப் பள்ளியில் ஒரு கோப்பில் வையுங்கள். மழையிலும் வீடு மாறும்போதும் பிள்ளைகளிடம் அது தொலைந்துபோகும்.

மூன்று, பிளஸ் 2 மாணவர்களுக்கு உயர்கல்வி வழிகாட்டும்போது பொறியியல், செவிலியர் படிப்புகளோடு டி.பி.எட்., பி.பி.எட். பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கல்லூரியிலும் விளையாட்டைத் தொடரச் சொல்லுங்கள். பணி நியமனத் தகுதிகளை அவ்வப்போது வெளிவரும் ஆசிரியர் தேர்வு வாரிய அறிவிக்கையைப் பார்த்து உறுதி செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

நான்கு, உடற்கல்விப் பாடவேளையைக் கடன் கேட்காதீர்கள். நான் பல ஆண்டுகள் கேட்டிருக்கிறேன், ஒரு முறையும் திருப்பித் தந்ததில்லை.

அந்த மாணவி இப்போது ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பறையில் வேலை பார்க்கிறாள். பேருந்தில் பார்த்தால் "நல்லா இருக்கீங்களா டீச்சர்?" என்று சிரித்த முகத்தோடு கேட்பாள். என் மேல் வருத்தம் இருப்பதாக அவள் ஒருநாளும் காட்டியதில்லை. காலாண்டுத் தேர்வில் அவள் வாங்கிய மதிப்பெண் என்னவென்று எனக்கு நினைவில்லை. அவளுக்கும் இருக்காது.

இந்த ஆண்டும் குறுவட்டப் போட்டிக்கான பட்டியல் என் மேசைக்கு வந்தது. கணக்கில் தடுமாறும் பிள்ளைகள் மூவர் அதில் இருந்தார்கள். கையெழுத்திட்டுக் கொடுத்தேன். திரும்பி வந்ததும் மூவரின் சான்றிதழ்களையும் நகலெடுத்துக் கோப்பில் வைத்தேன். விட்ட கணக்கை மாலையில் நடத்திக்கொண்டிருக்கிறேன்.