பைலுக்கு டோக்கன் தரும் கெர்னல்

பாடல் பைல் ஒன்றின் மீது டபுள் கிளிக் செய்கிறீர்கள். பாட்டு ஒலிக்கிறது. ஆனால் அந்த பிளேயர் புரோகிராம் ஹார்ட் டிஸ்க்கை நேரடியாகத் தொடுவதே இல்லை. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலிடம் “இந்த பைலைத் திறந்து கொடு” என்று கேட்கிறது. லினக்ஸில் கெர்னல் பதிலாகத் தருவது வெறும் ஓர் எண். இதற்கு பைல் டிஸ்கிரிப்டர் என்று பெயர்.

கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு டோக்கன் வாங்குகிறோம் அல்லவா? அதே கதைதான். ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனியே ஒரு பட்டியல் உண்டு. 0 உள்ளீட்டுக்கு, 1 வெளியீட்டுக்கு, 2 பிழைச் செய்திகளுக்கு. எனவே முதலில் திறக்கும் பைலுக்குப் பெரும்பாலும் 3 கிடைக்கும். காலியாக இருக்கும் மிகச் சிறிய எண்ணைத்தான் கெர்னல் தரும்.

எண் தருவதில் என்ன ஆபத்து என்கிறீர்களா? கெர்னல் முதலில் எண்ணை ஒதுக்கி வைக்கிறது. பிறகு பைலைத் தயார் செய்கிறது. கடைசியாக, பட்டியலில் அந்த எண்ணுக்கு எதிரே பைலைப் பதிகிறது. பதியும் வரை எது தவறினாலும் எண்ணைத் திரும்பப் பெறலாம். பதிந்துவிட்டால் முடியாது. அந்தப் புரோகிராமின் இன்னொரு பகுதி அதே நொடியில் அந்த எண்ணைப் பயன்படுத்தத் தொடங்கியிருக்கலாம்.

இந்த வரிசை மாறியதால் வந்த வினை ஒன்று உண்டு. வி.எம்.வேர் விர்ச்சுவல் மெஷினுக்குள் லினக்ஸ் இயங்கும்போது, திரைக் காட்சிக்கு உதவும் டிரைவர் ஒன்று பயன்படுகிறது. 2017-ல் வந்த கெர்னல் 4.14 முதல், இந்த டிரைவர் பைலை முதலில் பதிந்துவிட்டு, பிறகுதான் எண்ணைப் புரோகிராமின் மெமரியில் எழுதியது. புரோகிராம் வேண்டுமென்றே தவறான மெமரி முகவரியைத் தந்தால் எழுத முடியாது. உடனே டிரைவர் பைலை விடுவித்து, எண்ணையும் “காலி” என்று குறித்தது. ஆனால் பட்டியலில் பழைய பதிவு அப்படியே நின்றது!

செருப்பு போய்விட்டது; டோக்கன் மட்டும் கையில். அதே தட்டில் வேறொருவர் செருப்பை வைத்தால், பழைய டோக்கனைக் காட்டி அதை எடுத்துப் போகலாம். காலியான மெமரியில் வேறொரு புரோகிராம் திறந்த பைலின் விவரம் வந்து அமர்ந்தால், சாதாரண யூசர் ஒருவர் தமக்கு உரிமையில்லாத அந்த பைலை அணுக வழி கிடைத்தது. சிவிஇ-2022-22942 என்ற எண்ணில் இது பதிவாகியுள்ளது.

2022 ஜனவரியில் இது சரி செய்யப்பட்டது. எண்ணை எழுதி முடித்த பிறகே பைலைப் பதியுமாறு வரிசையை மாற்றினார்கள், அவ்வளவுதான். பதியும் வேலை தோற்பதே இல்லை என்பதால் அதைக் கடைசியில் வைப்பதே பாதுகாப்பு. சில வரிகள்தான்; ஆனால் நான்கு ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை.

நீங்கள் வி.எம்.வேரில் பழைய லினக்ஸ் வைத்திருந்தால் கெர்னலை அப்டேட் செய்திடுங்கள். பிறகு மறக்காமல் ரீஸ்டார்ட் செய்திடவும். அதுவரை பழைய கெர்னலே இயங்கிக் கொண்டிருக்கும்.