கருந்துணியில் ஒளிரும் வர்ணம்

கறுப்புத் துணியின்மேல் மஞ்சள் மையை அச்சிட்டால் அது மங்கிப்போகும். அடியில் வெள்ளை அடித்து அதன்மேல் அச்சிட்டாலோ, துணி அட்டைபோல் விறைத்துவிடும். இவ்விரு குறையும் நீங்கத் திருப்பூர் பனியன் அச்சுக்கூடங்களில் கையாளப்படுவது ‘டிஸ்சார்ஜ்’ என்னும் சாயநீக்க ஸ்கிரீன் அச்சு.

மையுடன் துத்தநாக ஃபார்மால்டிஹைடு சல்ஃபாக்ஸிலேட் தூள் நூற்றுக்குச் சுமார் 6 பங்கு கலக்கப்படுகிறது. ஏறக்குறைய 160 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் அது துணியின் சாயத்தைச் சிதைக்க, மையின் வர்ணம் அங்கே பற்றிக்கொள்கிறது. சிதைவுக்கு ஈரம் வேண்டுமாதலால், அச்சு உலருமுன்பே சூடேற்றவேண்டும். கலந்த மை சில மணி நேரத்தில் வீரியமிழக்கும், மறுநாளைக்கு உதவாது.

ஆயினும் பலனை நிர்ணயிப்பது சாயத்தொட்டியே. அஸோ வகை ரியாக்டிவ் சாயங்களுள் பல எளிதில் நீங்கும். மயில்நீலத்துக்கு வழங்கும் தாலோசயனின் சாயம் அசையாது. இதை விசாரியாமல் மயில்நீலத் துணிக்கு ஒருமுறை ஆர்டர் ஏற்று, அச்சிட்ட உருப்படிகள் முழுவதையும் நாம் திரும்பப் பெற நேர்ந்தது. மையைக் குறைகூறிப் பயனென்ன? பாலியஸ்டர் கலந்த துணியும் ஏற்றதன்று. கருஞ்சாயந்தானே என்று வெளுக்காமல் சாயமேற்றிய துணியில், சாயம் நீங்கிய இடம் பழுப்பாகவே நிற்கும். அதன்மேல் எவ்வர்ணமும் சோபிக்காது.

ஆகவே அங்கத்தினர்கள் விலை பேசுமுன், சாயம் இன்னதென்று சாயப்பட்டறையில் எழுதி வாங்கி, அதே துணியின் துண்டொன்றில் சோதித்துப் பார்ப்பார்களாக. சூடேற்றுகையில் ஃபார்மால்டிஹைடு ஆவி கிளம்பும்; அதை வெளியேற்றும் விசிறி அவசியம். உருப்படிகளை அலசிய பின்னரே அனுப்பவேண்டும்.